"முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்க" என்பது பாடம் ஆகாது

சென்னையில் யோகா ஆசிரியர் பயிற்சி நடத்துவோருக்கும், யோகா நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

முட்டி வலியோடோ முதுகு வலியோடோ ஒருவர் வகுப்புக்கு வந்து நின்றால், நம் நகரத்தில் பல ஆசிரியர்கள் சொல்வது ஒரே வாக்கியம்: "உங்களால முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்க, வலிச்சா விட்டுடுங்க." கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் எது முடியும், எது கூடாது என்று தெரிந்துகொள்ளத்தானே அவர் ஆசிரியரைத் தேடி வந்தார்? அந்தப் பொறுப்பை அவர் தலையிலேயே திருப்பி வைத்துவிடுகிறோம். வலித்தால் விடு என்றால், வலிக்கும் வரை போ என்றுதான் அவர் புரிந்துகொள்வார். சில காயங்கள் செய்யும்போது வலிக்கவே வலிக்காது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போதுதான் காட்டும்.

யோகா கற்பிப்பவர்களும் இயன்முறை மருத்துவம் செய்பவர்களுமான நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். காயம்பட்டவருக்கு எப்படிக் கற்பிப்பது என்பதை உங்கள் ஆசிரியர் பயிற்சியின் நடுவில் வையுங்கள். இப்போது பல இடங்களில் அது ஒவ்வோர் ஆசனத்துக்கும் கீழே "யார் செய்யக்கூடாது" என்ற பட்டியலாக மட்டுமே இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். செய்யக்கூடாது என்றால் பதிலுக்கு எதைச் செய்வது, எந்த உயரத்தில், எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

இந்த ஊருக்கு இது புதிய செய்தியும் அல்ல. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சார்யா 1950களில் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். அந்த ஆண்டுகளில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்துப் பாடத்தை மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியில்தான் வளர்ந்தது. அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத ஊர் அல்ல இது.

முதுகிலிருந்து தொடங்குகிறோம். வகுப்புக்கு வருபவர்களில் முதுகைப் பற்றிச் சொல்லாதவர் குறைவு, ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கத்து நிலையங்களில் கேட்கவே வேண்டாம். "முதுகு வலி" என்ற ஒரே பெயரில் நேர்எதிரான இரண்டு உடல்கள் உங்கள் முன் வந்து நிற்கின்றன. ஒருவருக்கு டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, பிதுங்கியிருக்கும். பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயது. குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால், தும்மினால் வலி கூடும். எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை. இன்னொருவர் அறுபதைக் கடந்தவர். முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை குறுகியிருக்கும், அல்லது ஒரு முள்ளெலும்பு முன்னால் நகர்ந்திருக்கும். நின்றால், நடந்தால் கால் மரத்துப்போகும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சற்றே குனிந்து நடக்கச் சொன்னால் வெகுதூரம் நடப்பார். முதலாமவருக்கு, குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் பெரும்பாலும் இதம்; காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனம் ஆபத்து. இரண்டாமவருக்கு அப்படியே தலைகீழ். "முதுகு வலிக்கு நல்லது" என்று ஆறு ஆசனங்களை அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுக்கும் தாள், இருவரில் ஒருவரைக் கட்டாயம் நோகடிக்கும்.

பிரித்தறிய ஸ்கேன் தேவையில்லை. "குனிஞ்சா எப்படி இருக்கு? நிமிர்ந்து பின்னால சாஞ்சா? உக்காந்தா, நடந்தா?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். பிறகு, எந்தப் பக்கம் இதமோ அந்தப் பக்க அசைவை மெதுவாகப் பத்து முறை செய்யச் சொல்லி, வலி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, தொடையிலிருந்து இடுப்புக்கு ஒடுங்கினால் சரியான பாதை. இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. கெண்டைக்கால், பாதம் என்று கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் ஆசிரியர் செய்யும் தவறுகளில் பாதி குறையும் என்பது எங்கள் கணிப்பு.

டிஸ்க் உள்ளவருக்கு நாங்கள் தொடங்கும் வரிசை எளியது. குப்புறப் படுத்து இரண்டு நிமிடம். முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தி ஒன்றிரண்டு நிமிடம். காலில் வலி இறங்கவில்லை என்றால், பாதி உயரப் புஜங்காசனம் எட்டுப் பத்து முறை, மூச்சோடு ஏறி இறங்குவது; பிடித்து நிற்பது வேண்டாம். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைச் சற்றே உயர்த்தும் தாழ்வான சேதுபந்தாசனம். பிறகு நின்றுகொண்டு, இடுப்பு மூட்டில் மடங்குவது எப்படி, முதுகில் மடங்குவது எப்படி என்ற வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்கு மாப் குச்சி ஒன்று போதும். பின்தலை, தோள்களுக்கு நடுவே, வால் எலும்பு என்று மூன்று இடத்திலும் குச்சி படும்படி முதுகோடு பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பின்புறத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடத்தில் குச்சி விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். வீட்டில் குடம் தூக்கும்போதும் சிலிண்டர் நகர்த்தும்போதும் உதவப்போவது இந்தப் பாடம்தான். இன்னொன்று பலர் கவனிக்காமல் விடுவது: வகுப்பு முழுவதும் முதுகைக் காப்பாற்றிவிட்டு, சவாசனம் முடிந்ததும் விறைப்பாக நேரே எழுந்து உட்கார்வார்கள். ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழ வேண்டும்.

காலை வகுப்பின் நேரத்தையும் யோசிக்க வேண்டும். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் அந்த நீரின் பெரும்பகுதி வெளியேறுகிறது. அதற்குள் ஆழமாகக் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் இழுவிசை பகலைவிட அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பாயில் நின்று, ஐந்து நாற்பதுக்கு, நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனம் செய்வது டிஸ்க் உள்ளவருக்கு நாளின் மிக மோசமான நேரத்தில் மிக மோசமான அசைவு. 12 நிலைகள் கொண்ட சூரிய நமஸ்காரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பாதஹஸ்தாசனம் வருகிறது. 12 சுற்று என்றால் 24 முறை. ரதசப்தமிக்கு 108 செய்தால் 216. அவரை மாலை வகுப்புக்கு மாற்றுங்கள். முடியாதென்றால், குனியும் பகுதியைக் கடைசிக்குத் தள்ளி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி மட்டும் குனியச் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. "எல்4, எல்5 பல்ஜ்" (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுக்கம்) என்று எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் பயந்து, மாணவரையும் பயமுறுத்தி, இனிக் குனியவே கூடாது என்று வாழ்நாள் தடை போடுவதும் நடக்கிறது. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஒரு கட்டுரையில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் அல்ல. "தேய்மானம்" என்ற சொல்லைக் கேட்டதும் எலும்பு சோப்புக் கட்டிபோல் கரைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து நடப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அறிக்கைக்கு விளக்கம் சொல்வது மருத்துவரின் வேலை. எந்த அசைவில் வலி, எதில் இதம் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

அடுத்தது முட்டி. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேறு உறுப்புகளுக்குப் பொதுவாகிவிட்டது. ஒன்று எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநார் (லிகமென்ட்), இன்னொன்று இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பு. எது என்று தெரியாமல் பாடம் சொல்ல முடியாது. டாக்டர் எழுதியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெத்தை கிழிந்தவருக்கு ஆழமாக மடக்குவதும், மடக்கியபடி திருகுவதும் ஆகாது. பத்மாசனம், வீராசனம், குத்துக்காலிட்டு உட்காரும் மாலாசனம் மூன்றும் அந்த வகை. பத்மாசனத்தில் திருகல் வரவேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே இறுக்கமாக இருந்தால் பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் வைப்பார்கள். அந்தத் திருகலை முட்டி வாங்கிக்கொள்ளும். முட்டியோ முக்கியமாக முன்பின் மடங்குவதற்காக அமைந்த மூட்டு. முட்டியைக் கீழே அழுத்திவிடும் ஆசிரியர் கை அதனால்தான் எங்களைக் கலங்க வைக்கிறது. பதிலாக, இரண்டு மூன்று போர்வைகளை மடித்துப் போட்டு, இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி சுகாசனத்தில் உட்கார வையுங்கள். அப்போதும் முட்டி அந்தரத்தில் நின்றால் அதன் அடியிலும் ஒரு துண்டை மடித்து வையுங்கள். அதுவும் கஷ்டமென்றால் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பிராணாயாமம் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும், நன்றாக நடப்பார், "இப்போ ஒண்ணுமில்ல, நார்மல்தான்" என்பார். உள்ளே வைத்துத் தைத்த நார் அந்தக் காலத்தில்தான் மிகவும் மெலிந்திருக்கிறது. அது புது ரத்த ஓட்டம் பெற்று உறுதிப்பட மாதங்கள் ஆகும். திரும்பி ஓடும் விளையாட்டுகளுக்கே குறைந்தது 9 மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். ஆகவே வலியின்மையை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவருக்கு நிற்கும் ஆசனங்களில் முட்டியைப் பின்னால் பூட்டி நிற்கும் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். ஒரு நூல் அளவு மடங்கியே இருக்கட்டும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் பாதத்தை முட்டியின் பக்கவாட்டில் ஊன்றவே கூடாது. கெண்டைக்காலில் வைக்கலாம், அல்லது கால்விரல் தரையில் இருக்கக் குதிகாலை மட்டும் கணுக்காலில் சாய்க்கலாம். சுவர் ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும்.

முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குப் பொதுவாக 110, 120 டிகிரி வரைதான் மடங்கும். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்துக்கு அது போதாது. போதும்படி அழுத்துவது தவறு. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பின்புறம் வழியாக அறுவை செய்தவர், தொடை 90 டிகிரிக்கு மேல் மடங்குவது, கால் மேல் கால் போடுவது, தொடை உள்பக்கமாகத் திரும்புவது மூன்றையும் குறைந்தது முதல் சில வாரங்களுக்கு, அறுவை செய்தவர் சொல்லும் வரை, தவிர்க்க வேண்டும். மூட்டு நழுவிவிடும் என்பதே காரணம். தாழ்வான முக்காலியில் உட்கார வைப்பதுகூட 90 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதை வகுப்பில் யாராவது ஒருவராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

கைக்கு வருவோம். வண்டியில் இருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்கள் சென்னையில் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். மாவுக்கட்டு ஏறக்குறைய ஆறு வாரம். பிரித்ததும், "கட்டு பிரிச்சாச்சு, வரலாமா?" என்று கேட்பார்கள். நல்ல மணிக்கட்டே தானாக 70 டிகிரி அளவுதான் பின்னால் மடங்கும். உள்ளங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பலகை நிலையில் உடல் எடை அதை 90க்குத் தள்ளுகிறது. முறிவுக்குப் பின் 40, 50 டிகிரிதான் மடங்கும் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதலில் ஈரத் துணியைப் பிழிவது, பந்தை அழுத்துவது என்று பிடியின் வலு. அடுத்து சுவரில் கை ஊன்றிச் சாய்வது. அடுத்து மேசை, அடுத்து நாற்காலி இருக்கை, கடைசியில் தரை. ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு வாரம். தரைக்கு வந்தும் நெருடினால் உள்ளங்கையின் அடிப்பகுதியில் மடித்த பாயை வைத்து உயர்த்தலாம், அல்லது முழங்கையை ஊன்றலாம். புத்தூர் கட்டு போட்டவர் என்றால், எலும்பு சேர்ந்துவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாரா எனக் கேளுங்கள். குறை சொல்வதற்காக அல்ல, எடை தாங்க வைக்கும் முன் தெரிந்தாக வேண்டும்.

தோளில் வலி உள்ளவர் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவில் மட்டும் சுருக்கென்கிறது என்றால், மேல் எலும்புக்கு அடியில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உரசுகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைக்காமல் கட்டைவிரல் மேலே பார்க்க உயர்த்தச் சொன்னால் பலருக்கு அங்கேயே வலி குறையும். பலகை நிலையிலிருந்து இறங்கும்போது தோள் முழங்கையைவிடக் கீழே போகும் சதுரங்க தண்டாசனத்தை இவர்கள் விட்டுவிட வேண்டும்; முட்டியை ஊன்றி இறங்குவதில்கூட தோள் முழங்கை மட்டத்தில் நின்றுவிட வேண்டும். தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் வேறு கதை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம் வருகிறது, நம் ஊரில் சர்க்கரைக்கும் பஞ்சமில்லை. இரவில் தூங்கவிடாமல் வலிக்கும் ஆரம்ப மாதங்களில் கையை வலுக்கட்டாயமாக மேலே ஏற்றினால் வீக்கமும் இறுக்கமும் கூடும். தாங்கக்கூடிய எல்லைக்குள் ஊசலாட்டம், சுவரில் விரல் நடை, படுத்துக்கொண்டு நல்ல கையால் மற்ற கையைத் தாங்கி உயர்த்துவது, இவ்வளவு போதும். முழுமையாகச் சரியாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் வருவதை நிறுத்திவிடுவார்.

யோகா செய்தே வரவழைத்துக்கொள்ளும் ஒரு காயத்தையும் சொல்ல வேண்டும். உட்காரும் எலும்பில், தொடையின் பின்தசை தொடங்கும் இடத்தில் வரும் வலி அது. குனிந்து குனிந்து நீட்டியவர்களுக்கு, ஆசிரியர்களுக்கும்கூட, வரும். "தசை டைட்டா இருக்கு, இன்னும் நீட்டுங்க" என்பதுதான் வழக்கமான பதில். அதனால்தான் ஆறாமலே போகிறது. நீட்டும்போது தசைநாண் எலும்பின்மேல் அழுந்துகிறது. புண்ணை மறுபடி மறுபடி அழுத்துவதுபோல்தான். நீட்டுவதை நிறுத்தி, முன்குனியும் எல்லா ஆசனத்திலும் முட்டியை மடக்கி, சேதுபந்தாசனத்தை 30 முதல் 45 நொடி வரை நான்கைந்து முறை பிடித்து, மெல்ல ஒற்றைக் காலுக்குக் கொண்டுபோக வேண்டும். வலுதான் அதை ஆற்றும், மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பு மெலிந்திருக்கக்கூடியவர்கள், அதாவது மாதவிடாய் நின்ற பெண்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், ஏற்கெனவே ஒருமுறை சாதாரணமாக விழுந்து எலும்பு முறிந்தவர்கள், தனிக் கவனம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்து 1984இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களில், முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இவர்களுக்கு, மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனமும், உட்கார்ந்து முதுகை உருட்டிக் குனிவதும் வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையையும் மார்பையும் சற்றே உயர்த்தும் எளிய சலபாசனம், நாற்காலி பிடித்து நிற்கும் ஆசனங்கள், விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி ஆகியவை வேண்டும்.

கழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுத்து இயல்பாக முன்னால் மடங்குவது ஏறக்குறைய 50 டிகிரி. தோளை ஊன்றி உடலை மேலே நிமிர்த்தும் சர்வாங்காசனத்தைத் தரையில் செய்தால் அது 90 கேட்கிறது, அதுவும் உடல் எடையோடு. மூன்று போர்வைகளை அடுக்கித் தோளை அதன்மேலும் தலையைத் தரையிலும் வைத்தால் அந்தக் கோணம் குறையும். கழுத்துத் தேய்மானம், எலும்பு மெலிவு, கிளாக்கோமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தால் போர்வையும் வேண்டாம், சர்வாங்காசனமும் சிரசாசனமும் வேண்டாம். கழுத்துத் தேய்மானம், எலும்பு மெலிவு மட்டும் என்றால் இடுப்பு தரையிலேயே இருக்கக் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுக்கலாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமென்றால் வகுப்புக்கு முன் ஒரு தாளும் இருபது நிமிடமும் வேண்டும். தமிழில் ஒரு பக்கம் போதும்: எங்கே வலி, எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, அறுவைச் சிகிச்சை என்றால் எந்தத் தேதி, டாக்டர் எதைத் தடுத்தார், எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, மரத்துப்போகிறதா, இரவில் எழுப்புகிறதா, என்ன மாத்திரை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருபவர் தன் உடலின் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார். "இன்னைக்கு நல்லா மடங்குது" என்பார். அன்றைக்கு அவருக்குப் பாதி அளவு பாடம் போதும்.

வலிக்கு ஓர் அளவுகோலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்றால், செய்யும்போது இரண்டு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம். அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். கத்தி குத்துவதுபோன்ற வலி, கரண்ட் பாய்வது, மரத்துப்போவது, மூட்டு பிசகுவதுபோல் தோன்றுவது ஆகியவற்றுக்கு எண்ணே கிடையாது, உடனே நிறுத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் "பாத்துப் பண்ணுங்க" என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது.

பொருள்களுக்குப் பெரிய செலவில்லை. கைப்பிடி இல்லாத கனமான நாற்காலி நான்கு, பழைய போர்வைகள் பத்து, பெல்ட்டுக்குப் பதில் வேட்டி அல்லது நீளத் துண்டு, இரண்டு மாப் குச்சி. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். நான்கு காலும் யோகா பாயின் மேல் இருக்க வேண்டும், பின்பக்கம் சுவரில் முட்டியிருக்க வேண்டும். மொட்டை மாடி வகுப்புகளில் ஜமக்காளமும் கோரைப்பாயும் விரிக்கிறார்கள். உட்காரவும் படுக்கவும் அருமையானவை. காலை அகட்டி நிற்கும் திரிகோணாசனத்துக்குக் கூடவே கூடாது, நழுவும். கணுக்கால் பிசகியவருக்குச் சுவரோரத்தை ஒதுக்குங்கள். இப்போது சுவரோரம் பெரும்பாலும் பைகளுக்கும் செருப்புக்கும் போய்விடுகிறது.

தொடுவது பற்றி எங்கள் நிலை கடுமையானது: காயம்பட்டவரின் உடலை அழுத்தவோ இழுக்கவோ கூடாது, அவர் சம்மதித்தாலும். திசை காட்ட விரல் நுனி போதும், அதற்கும் கேட்டுவிட்டுத்தான். குருவிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நம் மாணவர்கள். "வலிக்குது மாஸ்டர்" என்று சொல்ல வாய் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லை எங்கே முடிகிறது என்பதையும் ஆசிரியர் அறிய வேண்டும். முதுகு வலியோடு தொடைகளின் உள்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், பாதம் திடீரெனத் தொங்கிவிட்டால், அது யோகாவுக்கு உரிய விஷயம் அல்ல. அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படியே, அதிலும் அண்மையில் அறுவை செய்தவர் என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். மாத்திரையை நிறுத்து, ஆபரேஷன் வேண்டாம், யோகாவே போதும் என்று சொல்லும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. வார இறுதிகளில் நடக்கும் சில நாள் வகுப்புக்கு "யோகா தெரபிஸ்ட்" என்று சான்றிதழ் கொடுப்பதை, உங்களில் யாராவது செய்தால், நிறுத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறோம். அந்தச் சொல்லை நம்பி நோயாளி வருகிறார்.

பயிற்சியில் என்ன மாற்ற வேண்டும் என்றால்: 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் 30 மணி நேரமாவது காயம் உள்ள உண்மையான மாணவர்களோடு, அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, பாடம் சொல்ல வையுங்கள். சக மாணவரை முட்டி வலிக்காரராக நடிக்க வைப்பது போதாது. நடிப்பவருக்கு எங்கே வலிக்க வேண்டும் என்று முன்பே தெரியும். இறுதித் தேர்வில் சிரசாசனத்துக்கு மதிப்பெண் கொடுப்பதுபோல், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் 65 வயது அம்மாவுக்கு முப்பது நிமிடப் பாடம் அமைப்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, அந்த மாதம் சந்தேகம் வந்த மாணவர்களைப் பற்றிப் பேசுங்கள். நாங்கள் வரத் தயார், ஊதியம் கேட்க மாட்டோம். ஒரு வகுப்பில் 40 பேரைச் சேர்த்துவிட்டு ஓர் ஆசிரியரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். காயம் உள்ளவர்கள் இருக்கும் வகுப்பு 12 பேரைத் தாண்டாமல் இருக்கட்டும், அல்லது உதவி ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். வருமானம் குறையும் என்பதை மறைக்கவில்லை. இடையில் காயம்பட்டவரின் கட்டணத்தை நிறுத்திவைத்து, ஆறி வந்தபின் தொடர அனுமதியுங்கள். பணம் போய்விடுமே என்று பாதி ஆறிய முட்டியோடு வருபவர்கள் உண்டு.

உலக யோகா தினமான ஜூன் 21 வரும்போது பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் உங்கள் ஆசிரியர்கள்தான் மேடையில் நிற்கப் போகிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில், நிழலில், இருபது நாற்காலி போடுங்கள். அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்துங்கள். மேடையில் இருப்பவர் ஒவ்வோர் ஆசனத்துக்கும் முன், "நாற்காலியில இருக்கறவங்க இப்போ அந்த டீச்சரப் பாருங்க" என்று ஒரு வரி சொல்லட்டும்.

இப்படிக்கு,
சென்னையில் யோகா கற்பிப்போரும் இயன்முறை மருத்துவரும் சிலர்